அமியோடரோனும் நடுங்கும் கையும்

இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரைக்கான அமெரிக்க மருந்து விவரக் குறிப்பு, நரம்பு சார்ந்த தொல்லைகளைப் பற்றி ஒரே மூச்சில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. 100 பேரில் 20 முதல் 40 பேருக்கு அவை வருகின்றன என்பது ஒன்று. அவற்றுக்காக மருந்தையே நிறுத்த நேர்வது அரிது என்பது மற்றொன்று. சோர்வு, கை நடுக்கம், தன்னையறியாத அசைவுகள், தள்ளாடும் நடை, கைகால் நரம்புப் பாதிப்பு எனப் பட்டியலும் கூடவே வருகிறது. முதல் செய்தியைப் படிப்பவர் திடுக்கிடுவார். இரண்டாவதைப் படித்ததும் அமைதியடைந்துவிடுவார். அமைதியடையலாமா என்பதுதான் கேள்வி. எண் எவ்வளவு நம்பத்தக்கது, நிறுத்தத் தேவையில்லை என்ற கணிப்பு யாருடைய வாழ்க்கையை வைத்துச் செய்யப்பட்டது என்ற இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

மருந்தின் பிறப்பிலிருந்து தொடங்குவது நல்லது; எண்களின் குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. எகிப்தில் நெடுங்காலமாக நாட்டு வைத்தியத்தில் இருந்த கெல்லா என்ற செடியிலிருந்து கெல்லின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது நெஞ்சுவலியைத் தணிப்பதைக் கெய்ரோவில் பணியாற்றிய உடலியங்கியல் அறிஞர் அன்ரெப் கவனித்தார். அதை அடியொற்றி 1961-இல் பெல்ஜியத்தின் லாபாஸ் நிறுவனத்தில் உருவானது அமியோடரோன். ஐரோப்பாவில் அது முதலில் நெஞ்சுவலி மாத்திரையாகவே விற்றது. 1970-இல், பிஜியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் மருந்தியல் அறிஞர் வான் வில்லியம்ஸிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரமா சிங், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று காட்டினார். அர்ஜென்டினாவில் இதய மருத்துவர் மவுரிசியோ ரோசன்பாம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பெற்ற பலன்களை எழுத, மருந்தின் புகழ் பரவியது. அமெரிக்க மருத்துவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தே கொடுக்கத் தொடங்கினார்கள். 1985 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தபோது, இன்று எந்த மருந்துக்கும் கட்டாயமெனக் கருதப்படும் கண்டிப்பான ஒப்பீட்டு ஆய்வுகள் அதற்குப் பின்னால் இல்லை. உயிரைப் பறிக்கும் கீழறைத் துடிப்புக் கோளாறு, அதுவும் மற்ற மருந்துகள் கைவிட்ட நிலை: இதற்கு மட்டுமே அந்த அனுமதி. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அமெரிக்காவில் முறைப்படி இன்றும் அனுமதி கிடையாது. ஆனால் அங்கும் பிற நாடுகளிலும் அந்த நோய்க்கு அது ஏராளமாக எழுதப்படுகிறது.

ஆக, பக்கவிளைவுகளை முதலில் எண்ணியவர்கள் பார்த்தது சாவின் விளிம்பில் இருந்து மீட்கப்பட்டவர்களை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவும் மிக அதிகம். அந்த அளவுகோலை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உடலில் இந்த மருந்து நடந்துகொள்ளும் விதம் வேறெந்த இதய மாத்திரைக்கும் இல்லாதது. எடையில் 37 விழுக்காட்டுக்கும் மேல் அயோடின். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் இருக்கும் அயோடின் சுமார் 75 மி.கி.; ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 0.15 மி.கி. மட்டுமே. கொழுப்பில் எளிதில் கரைவதால் கொழுப்புத் திசு, கல்லீரல், நுரையீரல், தோல், நரம்பு என எங்கும் போய்த் தங்கிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் பாதி அளவு வெளியேறச் சராசரியாக 58 நாள் ஆகிறது. சிலருக்கு அது 142 நாள் வரை நீள்கிறது. செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குள் மருந்தும், அதிலிருந்து பிறக்கும் டெஸ்எத்தில் அமியோடரோனும் சிக்கிக்கொள்கின்றன. அங்கே கொழுப்புப் பொருள்கள் உடைபடாமல் தேங்குகின்றன. நரம்பிலிருந்து துணுக்கெடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், நரம்பிழைக்கு உறை போர்த்தும் ஷ்வான் செல்களில் இந்தத் தேக்கங்களைக் கண்டிருக்கிறார்கள். எனவே மருந்துக்கும் நரம்புக் கோளாறுக்கும் தொடர்பு உண்டா என்ற ஐயத்துக்கு இடமில்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதில்தான் வழக்கு.

நோயாளி சொல்லும்போது இந்தத் தொல்லைகளுக்கு மருத்துவப் பெயர் இருப்பதில்லை. டம்ளரைத் தூக்கினால் காபி தளும்புகிறது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இவை நடுக்கத்தின் அடையாளங்கள். சிறுமூளை தொடப்பட்டால் கால்களை அகட்டி வைத்து நடக்கிறார்கள். திரும்பும்போது சுவரைப் பிடிக்கிறார்கள். புற நரம்புகள் கெட்டால் பாதம் மரத்துப்போகும். செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் நடப்பார்கள். தூக்கம் கெடுவதும், கெட்ட கனவு வருவதும், யோசனை மந்தமாவதும் உண்டு. அரிதாகப் பார்வை நரம்பும் பாதிக்கப்படுகிறது. கபாலத்துக்குள் அழுத்தம் கூடித் தலைவலி வந்தவர்களும், பார்க்கின்சன் நோயைப் போன்ற விறைப்பு வந்தவர்களும் தனித்தனி நோயாளி அறிக்கைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள். ஒரு மருந்தைத் தீர்ப்பிட அத்தகைய அறிக்கைகள் போதா.

இனி எண்கள். 1984-இல் சார்னஸ், மொராடி, ஷெய்ன்மன் ஆகியோர் நியூராலஜி இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் முதல் முக்கிய ஆவணம். அவர்கள் பார்த்த சிறு குழுவில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நரம்புத் தொல்லை இருந்தது. நடுக்கமும் தள்ளாட்டமும் முன்னின்றன. அளவைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் குறைந்தன. இது தொடக்ககால உயர் அளவின் கதை. நரம்பியல் கண்ணோடு தேடிப் பார்த்தவர்கள் எழுதியது என்பதும் இதன் சிறப்பு.

இதற்கு நேர் எதிரில் நிற்கிறது 2009-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆர், ஆல்ஸ்காக் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அமியோடரோன் எடுத்த 707 பேரின் மருத்துவப் பதிவேடுகளை அலசி, மருந்தால் வந்தது என்று கருதத்தக்க நரம்புப் பாதிப்பு 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது என்றார்கள். பாதிக்கு மேல் என்பதிலிருந்து 100-க்கு மூவர்கூட இல்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். 25 ஆண்டுகளில் மனித நரம்பு மாறிவிடவில்லை. கொடுக்கும் அளவு குறைந்திருக்கிறது. எண்ணும் முறை மாறியிருக்கிறது.

இரண்டுக்கும் இடையில் இருக்கும் சான்றுதான் என் பார்வையில் எடை மிகுந்தது. 1997-இல் வோர்பேரியனும் உடன் ஆய்வாளர்களும், போலி மாத்திரையுடன் ஒப்பிட்டு நடத்தப்பட்ட நான்கு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 1,465 பேர், நாளுக்கு ஏறத்தாழ 150 முதல் 330 மி.கி., குறைந்தது ஓராண்டு. அமியோடரோன் குழுவில் நரம்புத் தொல்லை 4.6 விழுக்காடு, போலி மாத்திரைக் குழுவில் 1.9 விழுக்காடு. அதாவது மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களில் 100-க்கு இருவருக்கும் கை நடுங்கியிருக்கிறது, நடை தளர்ந்திருக்கிறது. முதுமையும் நீரிழிவும் பக்கவாதத்தின் எச்சமும் தம் பங்கைச் செய்கின்றன. ஒப்பீட்டுக் குழு இல்லாத பழைய கணக்குகள் அனைத்தும் இந்தப் பங்கையும் மருந்தின் தலையிலேயே ஏற்றிவிட்டன.

4.6-இலிருந்து 1.9-ஐக் கழித்தால் 2.7. மேயோ ஆய்வு முற்றிலும் வேறு வழியில் வந்தடைந்த 2.8-க்குப் பக்கத்திலேயே அது நிற்கிறது. இந்த நெருக்கம் ஓரளவு தற்செயலாக இருக்கலாம். ஆனாலும், இன்றைய அளவில் ஓரிரு ஆண்டு எடுத்துக்கொள்பவர்களில் 100-க்கு மூவர் அளவுக்கு, மருத்துவர் ஏட்டில் பதியும்படியான நரம்புத் தொல்லையை இந்த மருந்து கூடுதலாக உண்டாக்குகிறது என்று சொல்ல இது எனக்குப் போதுமான ஆதாரம். 2005-இல் வெளியான எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வும் இதை ஒட்டியே வருகிறது: இதயச் செயலிழப்பு உள்ள 2,521 பேரில், அமியோடரோன் பெற்ற குழுவில் நடுக்கம் 4 விழுக்காடு, போலி மாத்திரைக் குழுவைவிடத் தெளிவாக அதிகம். அதே ஆய்வில் பங்கேற்றவர்களிடம் பார்வை இழப்பைத் தனியே தேடியபோது, அமியோடரோனால் இரு கண்களிலும் பார்வை பறிபோனவர் ஒருவரும் கிடைக்கவில்லை. பார்வை நரம்பு குறித்த பழைய அச்சம் அளவுக்கு மீறியது என்றே கொள்ள வேண்டும்.

இங்கேயே நிறுத்தினால் மருந்துக்கு ஏறக்குறைய விடுதலை கொடுத்ததாகிவிடும். நிறுத்த முடியாததற்குக் காரணம், மேற்சொன்ன “ஏட்டில் பதியும்படியான” என்ற நிபந்தனை. மேயோ ஆய்வு பின்னோக்கிப் பதிவேடுகளைப் படித்தது. மருத்துவர் எழுதாதது அதில் வராது. இதய ஆய்வுகளை நடத்தியவர்கள் இதய மருத்துவர்கள்; குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி வைத்து ஒரு கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பது அவர்களுடைய வழக்கமான பரிசோதனையில் இல்லை. நோயாளியும் வயசாகிவிட்டது என்று தானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். எனவே இந்த 100-க்கு மூவர் என்பது தரைமட்டம். உண்மை அதற்கு மேலே எங்கோ இருக்கிறது.

மேயோ ஆய்வின் இன்னொரு முடிவு இதைவிடக் கவலையளிப்பது. எந்தெந்தக் காரணங்கள் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று தேடியதில், பொருட்படுத்தத்தக்கதாக நின்றது மருந்து எடுத்த கால நீளம் ஒன்றே. ஓரிரு ஆண்டு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளின் எண்ணை, ஆறேழு ஆண்டாக மாத்திரை போடுபவருக்குப் பொருத்த முடியாது. நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அமியோடரோன் இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலையும் எட்டும் அளவில் இருக்கிறது. ஒருமுறை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கலில் மாதாமாதம் வாங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். தொடக்க வாரங்களுக்கென்று எழுதிய உயர் அளவையே, குறைக்கச் சொன்னது நினைவில்லாமல் தொடர்பவர்களும் உண்டு. கால நீளமே ஆபத்து என்றால், மறுபார்வை இல்லாத சீட்டு அந்த ஆபத்தை வளர்க்கிறது.

மருந்து நேராக நரம்பைத் தொடுவதோடு கதை முடிவதில்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் சரியாக அடங்காத சுற்றுவழிகள் இருக்கின்றன. அயோடின் சுமையால் தைராய்டு மிகையாகச் சுரந்தால் கை நடுங்கும். குறைவாகச் சுரந்தால் சோர்வும் மந்தமும் மறதியும் தள்ளாட்டமும் வரும். அமியோடரோன் எடுப்பவரின் நடுக்கத்தைக் கண்டதும் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் பரிசோதனை பார்க்காமல் முடிவுக்கு வருவது தவறு. டிஜாக்சின் என்ற இதய மருந்தையும் சேர்த்து எடுத்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் வீரியம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். வார்ஃபரினை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க நேரும். குறைக்காவிட்டால் மூளைக்குள் ரத்தக் கசிவு வரை போகலாம். இது நமக்கு நெருக்கமான கவலை. வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்கள் இந்தியாவில் இன்னும் நிறைய. அவர்களுக்குப் புதிய மருந்தான ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகையே மேல் என்று 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டிவிட்டதால், வார்ஃபரினும் அமியோடரோனும் ஒரே டப்பாவில் சேரும் வாய்ப்பு இங்கே அதிகம். அப்படிப்பட்டவருக்குத் தள்ளாட்டமும் வந்து கீழே விழுந்தால், “இலேசான பக்கவிளைவு” என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

இனி மருந்தின் பக்க நியாயம். அது வலுவானது. 1989-இல் காஸ்ட் என்ற ஆய்வு, மாரடைப்புக்குப் பின் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கப்பட்ட ஃப்ளெக்கெய்னைடும் என்கெய்னைடும் சாவைக் கூட்டின என்று அதிர்ச்சி அளித்தது. துடிப்பைச் சீர்செய்யும் மருந்தே இதயத்தை நிறுத்திவிடலாம் என்ற அச்சத்தில் மருத்துவ உலகம் ஒதுங்கிய நிழல் அமியோடரோன். பலவீனமான இதயத்திலும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடியது அது. 2000-இல் கனடாவில் 403 பேரிடம் நடந்த ஆய்வில், சராசரி 16 மாதக் கண்காணிப்பில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்பியது அமியோடரோன் குழுவில் 35 விழுக்காட்டினருக்கு. துடிப்பைச் சீராக்கும் வேறு மருந்துகளான சோடலால் அல்லது புரோபஃபெனோன் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கு. மாத்திரைகளுக்குள் இதை மிஞ்ச ஆளில்லை. அயோடினை நீக்கி, நரம்பையும் தைராய்டையும் விட்டுவைக்கும் தம்பியாக உருவாக்கப்பட்ட டிரோனடரோன் அந்தப் பக்கவிளைவுகளைக் குறைத்தது உண்மை. துடிப்பைக் காப்பதில் அண்ணனுக்கு ஈடாகவில்லை. கடும் இதயச் செயலிழப்பிலும் நிரந்தர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலும் அது சாவைக் கூட்டியதையும் ஆன்ட்ரோமெடா, பல்லாஸ் ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. நரம்பைக் காக்கும் ஆசையில் இதயத்தை இழந்த கதையாக அது முடிந்தது.

ஆனால் துடிப்பைச் சீராக்குவதும் ஆயுளைக் கூட்டுவதும் வேறுவேறு. எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வில் அமியோடரோன் உயிர்காப்பில் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. உயிரைக் காத்தது துடிப்பு கெடும்போது மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க நெஞ்சில் பொருத்தும் ஐசிடி கருவி. 2002-இன் அஃபர்ம் ஆய்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 4,060 பேரில், துடிப்பின் ஒழுங்கை மீட்கப் போராடிய குழு, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திய குழுவைவிட நீண்டு வாழவில்லை என்றது. 2020-இல் வந்த ஈஸ்ட் ஆய்வு, நோய் தொடங்கி ஓராண்டுக்குள் ஒழுங்கை மீட்டால் இதயம் சார்ந்த பாதிப்புகள் குறைகின்றன என்று இன்னொரு பக்கத்தைக் காட்டியிருக்கிறது. எனவே தொடக்க நிலை நோயாளிக்கு ஒழுங்கை மீட்க முயல்வதில் நியாயம் உண்டு; பல்லாண்டாக நோய் நிலைத்துவிட்ட முதியவருக்கு அதே நியாயம் மிகவும் மெலிகிறது.

தீர்ப்பை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். கீழறைத் துடிப்புக் கோளாறால் அடிக்கடி மயங்கி விழுபவருக்கு, ஐசிடி அதிர்ச்சிகளால் துவண்டவருக்கு, நடுங்கும் கை ஏற்கத்தக்க விலை. அங்கே மருந்துக் குறிப்பின் இரண்டாவது வாக்கியம் சரி. அந்த நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட வாக்கியமும்கூட. 75 வயதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுடன், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் போட்டுக்கொண்டு, படபடப்பு பெரிதாக இல்லாத ஒருவருக்கு அந்த வாக்கியத்தைக் கடன் வாங்கிக் கொடுப்பது தவறு. அவருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாற்று மருந்துகள் இருக்கின்றன. தகுதியும் வசதியும் இருந்தால் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்திச் செய்யும் கதீட்டர் சிகிச்சை இருக்கிறது. அவரால் தனியாகக் குளியலறைக்குப் போய்வர முடிவதுதான் அவருடைய சுதந்திரம். அதை ஆட்டங்காண வைக்கும் விளைவு, மருந்தை நிறுத்தப் போதுமான காரணம்.

இன்னொரு குறையைக் கண்காணிப்பு முறையிலேயே காண்கிறேன். குறிப்பின் தலைப்பில் கட்டமிட்டுள்ள எச்சரிக்கை நுரையீரல், கல்லீரல், துடிப்பு மோசமாதல் ஆகிய மூன்றைப் பற்றியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டுக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்-ரே, ஈசிஜி என்ற வழக்கம் சரியானதே. ஆனால் ஆய்வகச் சீட்டு எழுதக்கூடியவை மட்டுமே இந்த வழக்கத்துக்குள் வந்திருக்கின்றன. நரம்புக்கு அப்படிச் சீட்டு இல்லை. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பதும் இதில் நம்பகமாக உதவுவதில்லை. தேவைப்படுவது, மருந்து தொடங்கும் நாளில் கேஸ் ஷீட்டில் நோயாளியிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைப்பது, நான்கடி நடக்கச் சொல்லிப் பார்ப்பது, பாதத்தில் உணர்வைச் சோதிப்பது, அடுத்தடுத்த வருகைகளில் அதையே திரும்பச் செய்து ஒப்பிடுவது. மூன்று நிமிடம் போதும். இதைச் செய்யாத இடத்தில், பிறகு வரும் நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று பெயரிட்டு இன்னொரு மாத்திரை சேரும். மரத்துப்போன காலுக்குச் சர்க்கரையைக் குறை சொல்லிவிடுவார்கள்.

மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எந்தத் துடிப்புக் கோளாறுக்காகத் தொடங்கினார்களோ அது திரும்பலாம். நிறுத்தினாலும் மருந்து உடலை விட்டுப் போக மாதங்கள் ஆவதால் மறுநாளே பலன் தெரியாது. நடுக்கமும் தள்ளாட்டமும் பெரும்பாலும் அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ வாரங்கள், மாதங்களில் தணிகின்றன. புற நரம்புப் பாதிப்பு மெதுவாகத்தான் ஆறும், சிலருக்கு முழுவதும் ஆறாமலும் போகலாம் என்பதால் காத்திருக்காதீர்கள். எந்த மாதம் தொடங்கினீர்கள், இப்போது எத்தனை மில்லிகிராம், கூட எடுக்கும் மாத்திரைகள் எவை, கையிலும் நடையிலும் எப்போதிலிருந்து மாற்றம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவையா, அளவைக் குறைக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.